என் பெட்டிக்கு வந்த பெரிய சிப்பிகள்

காலை ஆறு இருபது. பொழியூர்க் கரையில் முதலில் கண்ணில் பட்டது நீரின் தெளிவு. பாறையடியில் கிடந்த ரப்பர் செருப்பின் வார்கூடத் தெரிந்தது. கடல் சிவந்தால்தான் சிப்பியில் விஷம் என்று பலர் நம்புகிறார்கள். தெளிந்த நீரிலும் அது இருக்கும்.

பாறசாலையில் பஸ் ஏறி வந்து சிப்பி சாம்பிள் எடுப்பது பதினாறு வருடமாக என் வேலை. ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் உறை, லேபிள். ஆய்வகத்தில் சதையை அரைத்து ஒக்கடாயிக் அமிலம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடலில் மிதக்கும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு அது. சிப்பி அவற்றை வடிகட்டித் தின்கிறது. நஞ்சு சதையில் தங்குகிறது. அளவு மிஞ்சினால் வயிற்றுப்போக்கு. இன்னொரு குணமும் உண்டு. செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் நொதிகளை அது முடக்குகிறது. தானாகப் புற்றுக்கட்டியைத் தொடங்கி வைக்காது. ஏற்கெனவே கெட்டுப்போன செல் இருந்தால் அதை வளரத் தள்ளும். இது எலிகளில் கண்டது. மனிதர்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது.

எனக்குச் சிப்பி தருபவர் கடலில் முங்கிப் பறிக்கும் ஏசுதாசன். அன்று அவர் மனைவி மேரி வாசலில் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. வயிற்றில் கட்டி, மூன்றாவது கீமோ முடிந்து ஐந்தாம் நாள். கையில் ஒரு டம்ளர் சிப்பிச் சாறு.

"எத்தன நாளா குடிக்கிய?" என்றேன்.

"கீமோ தொடங்கின அண்ணு முதல். இது மட்டுமாக்கும் உள்ள எறங்குது. கஞ்சியக் கண்டாலே ஓக்காளம்."

ஏசுதாசன் சொன்னார்: "சாருக்க ரிப்போர்ட்ட நம்பியாக்கும் குடுக்கேன். ஒருக்காகூட கேடுண்ணு வந்தது இல்லியே."

உண்மைதான். வந்ததில்லை.

அடுப்பில் இருந்த சட்டியைப் பார்த்தேன். உள்ளே கிடந்தவை கட்டைவிரல் அளவு. அன்று அவர் தந்து என் பெட்டியில் இருந்தவை உள்ளங்கை நீளம்.

"இது எங்க உள்ளது?"

"உள்வளைவில உள்ளது. கை எட்டும். சாருக்கு உள்ளத வெளிப்பாறையில முங்கி எடுக்கேன்."

"எனக்கு எதுக்கு வெளிப்பாறை?"

"நல்ல கேள்வி! ஆபீசுல இருந்து வாற ஆளுக்குச் சேறு நாறுற குட்டிச் சிப்பியா குடுக்கது? நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

மேரி சிரித்தார். "கெட்டின நாள் முதல் எனக்கு ஒரு பெரிய சிப்பி தந்தது இல்ல இந்த மனுசன். எல்லாம் ஒங்களுக்க பெட்டிக்காக்கும்."

எங்கே பறித்தது என்று பதினாறு வருடத்தில் நான் கேட்டதில்லை. லேபிளில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதினேன். கரை உள்வாங்கி வளையும் அந்த உள்வளைவில் நீர் தேங்கும். நீர் தேங்கினால் நுண்ணுயிரும் தேங்கும்.

வேகாமல் மீந்திருந்த சிப்பிகளை வாங்கிக்கொண்டேன். முடிவு வரும்வரை சாறு வேண்டாம் என்றேன்.

"வேவிச்சா போவாதா?" என்றார் ஏசுதாசன்.

"கொதிக்க வச்சாலும் போவாது."

"பின்ன நான் என்னத்தக் குடிக்க?" என்றார் மேரி.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. உள்வளைவுச் சிப்பியில் நஞ்சு வரம்புக்கு மேல். நேரில் போய், எலிகளில் கண்டதையும் சேர்த்துச் சொன்னேன். ஏசுதாசன் என்னை வேலிக்கு வெளியே கூட்டிப்போனார்.

"அப்ப நானாக்கும் வளத்து விட்டது. இல்லியா சாரே?"

"கட்டி அதுக்கு முந்தியே உண்டு. சாறு கூட்டிச்சா இல்லியாண்ணு யாராலயும் சொல்ல முடியாது. டாக்டருக்கு எழுதித் தாறேன், காட்டுங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒன்று சொல்கிறேன். கொடுப்பதை மட்டும் வாங்கி வராதீர்கள். சட்டியில் என்ன வேகிறது என்று பாருங்கள். என் பழைய ரிப்போர்ட்கள் எதுவும் பொய்யில்லை. அவை அந்த வீட்டுச் சட்டியில் ஒருநாளும் வேகாத சிப்பிகளைப் பற்றியவை.

அடுத்த மாதம் போனபோது எனக்கென்று இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்றில் சேறு ஒட்டிய சிறு சிப்பிகள். அடுப்பில் கஞ்சி இருந்தது. மேரி அதில் அரை டம்ளர் குடித்திருந்தார்.