பன்னிரண்டு வாசல்

தரங்கம்பாடிக்குப் போகிற பஸ் பாதி வழியில் நிற்கிறது. கூலித் தகராறு. அறுவடையாகாத வயல்களில் செங்கொடிகள், சாலையில் போலீஸ் வேன். மழைக்கு ஒதுங்க அருகிலுள்ள தேவாலயத்துக்குப் போகிறேன். சாவி வைத்திருக்கும் காவல்காரர் வடக்குப் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக உள்ளே போய், எனக்குப் பெரிய வாசலைத் திறந்துவிடுகிறார்.

பீடத்துக்கு மேலே பரலோகத்தை வரைந்திருக்கிறார்கள்: பன்னிரண்டு முத்து வாசல்கள், வாசலுக்கு ஒரு தேவதூதன்.

"நீங்க ஏன் இந்த வாசல்ல வரலை?"

"எங்க சேரி ஆளுங்களுக்கு வடக்கு வாசல்தாங்க. கல்யாணமானாலும் சாவானாலும் அப்படித்தான்."

தேவாலயத்திலுமா?

அவர் சாவிக்கொத்தால் படத்தைக் காட்டுகிறார்.

"ஐயா படிச்சவங்க. இந்தப் பன்னண்டுல எங்க வாசல் எதுங்க?"

அந்த வாசல்கள் ஒருபோதும் அடைபடுவதில்லை என்ற பைபிள் வசனம் எனக்கு மனப்பாடம். வெளியேற வடக்குக் கதவை நோக்கி நடக்கிறேன்.