நான் யௌசேப்புப் பிதாவாக உட்கார்ந்த மதியம்

எங்கள் வீட்டில் ஜெபம் என் மனைவியின் இலாகா. சிரிப்பும் பதற்றமும் என்னுடையவை. கல்யாணமான முதல் வாரத்திலேயே இந்தப் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. சாயங்காலம் அவள் பாயை விரித்து முழங்காலிடுவாள். நானும் பக்கத்தில் முழங்காலிட்டு, அவள் கண்ணை மூடியதும் நைசாக எழுந்து வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைப்பேன். ஜெபம் முடிகிற சுருதி கேட்டதும் திரும்பி வந்து, பழைய இடத்தில் பழைய முகத்தோடு "ஆமென்" சொல்வேன். அவளுக்கு இது தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். பீடியின் வாசனை என் ஒருவன் மூக்குக்கு மட்டுந்தான் எட்டும் என்று எப்படி நினைத்தேனோ!

திருநெல்வேலிப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள் நாங்கள். எழுபதுகளின் நடுவில் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் அடைத்து அனுப்புகிற ஒரு கிடங்கில் சாக்கு எழுதுகிறவனாகச் சேர்ந்தேன். தகரத்தில் வெட்டிய எழுத்தைச் சாக்கின்மேல் வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால், அந்த மூட்டை எந்தத் துறைமுகத்துக்குக் கப்பலேற வேண்டும் என்பது பதியும். உலகத்துத் துறைமுகங்கள் முக்கால்வாசி என் கையால் எழுதப்பட்டவை. நான் போன தூரமோ அந்தப் பக்கம் எறணாகுளம் பிராட்வே, இந்தப் பக்கம் பள்ளுருத்தி.

என் பதற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மகள் நடக்கப் பழகிய நாட்களில் ஒருமுறை புளியங்கொட்டையை விழுங்கிவிட்டாள். நான் அடுத்த கணமே ஓட ஆரம்பித்தேன். சந்து, சந்தை, பஸ் நிறுத்தம் எல்லாம் தாண்டி டாக்டர் வீட்டுப் படியேறி, மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பிள்ளை எங்கே?" என்றார். பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இப்படிப்பட்டவனுக்குத்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மகன் பிறந்தான். அந்த வருஷத்து மழையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. இந்த முறை பிள்ளையை மறக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டுதான் ஓடினேன். இருந்தும் பிரயோஜனமில்லை. தவழக்கூடத் தொடங்கவில்லை அவன். அதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுத வராது.

அதே மழை முடிவதற்குள் கிடங்கு முதலாளி கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கிடைத்த நாளில் கிடைத்த வேலை என்று ஆனது. படகேறி எறணாகுளம் போய் பிராட்வேயில் துணிக்கட்டு சுமப்பேன், இல்லாவிட்டால் தோப்பும்படியில் ஐஸ் உடைப்பேன்.

ஆனால் என்னை உலுக்கியது வேலை போனதல்ல. என் மனைவி ஜெபம் செய்வதை நிறுத்திவிட்டாள். பாய் சுவரோரமாகச் சுருட்டியபடியே நின்றது. கோபமோ அழுகையோ இல்லை. சமைப்பாள், எங்களுக்குப் போடுவாள். "நீ சாப்பிடலையா?" என்றால், "பசி இல்ல" என்பாள். அடுப்படியில் நின்றபடியே ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவாள். மாதக்கணக்காக இதுதான். ரவிக்கை தோளிலிருந்து வழிகிற அளவுக்கு இளைத்துப்போனாள். என்னைத் திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். எங்கள் குடும்பத்தில் அதைவிடப் பெரிய அபாய அறிவிப்பு கிடையாது. இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வேறு வழியில்லாமல் அவள் இலாகாவை நான் ஏற்றுக்கொண்டேன். முதல்நாள் பாயை விரித்து மகளைப் பக்கத்தில் இருத்திக் கண்ணை மூடினால், பள்ளிக்கூடத்தில் எழுதிய விடுப்பு விண்ணப்பந்தான் வாயில் வந்தது. "மகா கனம் பொருந்திய ஆண்டவருக்கு, அடியேன் பணிந்து தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்..." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி அடுக்களையிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு படகில் ஜெபிக்கத் தொடங்கினேன். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம். "இவளை எப்படியாவது சாப்பிட வையும். எனக்கு வேற யாரு இருக்கா?" என்று ஒருநாள் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் என் முழங்காலைத் தட்டி, "ஞான் எந்து செய்யானா மோனே?" என்று பரிதாபமாகக் கேட்டார். பாவம், அவரால் என்ன செய்ய முடியும்?

அடுத்த மார்ச் மாதம் வந்தது. எங்கள் சந்தில், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற அடுத்த வீட்டுக்காரர் ஒரு லத்தீன் கத்தோலிக்கர். தோப்பும்படி ஹார்பரில் மீன் ஏலம் விடுகிறவர். பனைமரம் மாதிரி ஆள். குரலோ கப்பல் சங்கு. குழாயடியில் அவர் மாதிரியே ஏலம் கூவிக் காட்டி நான் சந்து முழுவதையும் சிரிக்க வைத்திருந்தேன். கடைசியாக ஒருநாள் அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "நின்றெ கால் ஒடிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவர்தான் ஒரு காலையில் வாசலில் நின்று, நான் உள்ளே இருக்கிறேனா என்று கூவினார். "எடோ பாண்டி! அகத்துண்டோ?"

நான் யோசிக்கவில்லை. கால்கள் யோசித்தன. அடுத்த நிமிஷம் கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.

"அப்பா கட்டிலுக்குக் கீழ இருக்காங்க மாமா" என்றாள் என் உத்தம மகள்.

பனைமரம் வளைந்தது. தலைகீழாக ஒரு மீசை தெரிந்தது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, ஹார்பரில் எங்கள் ஆட்களோடு பழகிக் கற்ற தமிழில், அப்படியே குனிந்தபடி சொன்னார்: "யௌசேப்புப் பிதாவின்றெ திருநாளுக்கு எங்கட வீட்ல ஊட்டு. நீயும் வைஃபும் மோளும், மூணு பேரும் உச்சைக்கு வரணும். வராம இருக்கப்பிடாது."

"வந்துர்றேன் சேட்டா" என்றேன் கட்டிலடியிலிருந்து.

"ஆ. இனி புறத்து வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. விரோதியே விருந்துக்கு அழைக்கிறான் என்றால் என் மதிப்பு என்ன! நேராகச் சாயாக்கடைக்குப் போய், அங்கிருந்தவர்கள் காதில் விழும்படி பெருமையாகச் சொன்னேன். கடைக்காரர் சாயா ஆற்றுவதை நிறுத்தினார்.

"எடோ, அது விருந்தல்ல. நேர்ச்சையாணு."

நேர்ச்சை என்றால் வேண்டுதல் என்று பொறுமையாக விளக்கினார். நாங்கள் சபைக்காரர்கள். புனிதர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லாததால் இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. அவர்கள் யௌசேப்பு என்கிற யோசேப்பு, மரியாள், குழந்தை இயேசு என்று மூன்று பேர். அக்கம்பக்கத்தில் உள்ள ஏழைக் குடும்பம் ஒன்றைக் கண்டுபிடித்து, அந்த மூவராகவே நினைத்து உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். அதுதான் ஊட்டு நேர்ச்சை.

"இந்த வர்ஷம் ஆரெ விளிக்கணும்னு எல்லாரோடும் கேட்டு. எல்லாரும் உன்னைத்தான் பறஞ்ஞது."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒரு தர்க்கமும் உண்டாயில்ல."

இந்தச் சந்தில் எந்த விஷயத்திலும் இரண்டு பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீருக்குக்கூட ஒத்துப்போகாதவர்கள் என் ஏழ்மையில் ஒத்துப்போயிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "வயித்துவலின்னு சொல்லிருவோம்" என்றேன்.

"யாருக்கு?"

"எனக்கு."

"எனக்கும் பிள்ளைக்கும்?"

"ஒட்டுவாரொட்டி வயித்துவலி."

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். முழுவதையும் கொட்டினேன். சந்தே கூடி என்னை ஏழை என்று தேர்ந்தெடுத்ததைச் சொன்னேன். அது அவளை அசைக்காததால் கொள்கையில் இறங்கினேன். நாம் சபைக்காரர்கள், புனிதர் பெயரில் நடக்கிற காரியத்துக்குப் போவது நம் விசுவாசத்துக்கு அடுக்குமா என்றெல்லாம் பிரசங்கித்தேன்.

"ஜெபத்துல பாதியில எந்திச்சுப் பீடி குடிக்கப் போனியளே, அப்ப எங்க போச்சு இந்த விசுவாசம்?" என்றாள்.

மழைக்காலத்துக்குப் பிறகு அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

"ஏழைன்னுதானே சொன்னாவ. அதுல எது பொய்? கூப்பிட்ட வீட்டுக்குப் போவணும்."

திருநாளன்று போனோம். கூடத்தில் வெள்ளைத் துணி விரித்து மூன்று இலை போட்டிருந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் உயர வரிசைப்படி சுவரோரம் ஏணி மாதிரி நின்றார்கள். மீன்காரர் வீடாயிற்றே, நெய்மீன் நிச்சயம் என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். நோன்புக் காலமாம். சாம்பாரும் அவியலும்தான். ஏழ்மையில் ஒருமனதாகத் தேர்வானவனுக்கு நாக்கு மட்டும் எப்படி நீளம் என்று கேட்காதீர்கள்.

முதலில் கால் கழுவினார்கள். அந்தப் பனைமரம் என் முன்னால் மண்டியிட்டு, வெண்கலத் தாம்பாளத்தில் என் காலை வைத்துத் தண்ணீர் ஊற்றியது. ஒடிப்பேன் என்று சொன்ன அதே கால். பயந்து உறைந்திருக்க வேண்டியவன், அவர் உள்ளங்காலைத் தேய்த்ததும் கூச்சத்தில் கிக்கிக்கி என்று நெளிந்தேன்.

"அடங்கி இரிடோ" என்று பல்லுக்கிடையில் உறுமினார். "நீ இப்போ யௌசேப்புப் பிதாவாணு. பிதா சிரிக்கில்ல."

பிறகு அவர் குனிந்து என் பாதத்தில் முத்தமிட்டார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. வெயிலில் மூட்டை சுமந்து வெடித்த காலை நானே சரியாகப் பார்த்ததில்லை. பக்கத்தில் அவருடைய மனைவி என் மனைவியின் கால்களைக் கழுவித் தன் முந்தானையால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் பிடித்தபடியே சற்று நேரம் இருந்தார். எங்கள் வீட்டில் நடந்தது சந்துக்கே தெரியும். அவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

சோறு விழுந்தது. மகள் பாயசத்திலிருந்து தொடங்கினாள். நான் ஒரு பப்படத்தை நொறுக்கியபடி ஓரக்கண்ணால் பார்த்தேன். என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை மடியில் இருந்தது. "ரெண்டு வாய் சாப்பிடேன், நாலு பேரு பாக்காங்க" என்று முணுமுணுத்தேன். அவள் அசையவில்லை. என் இலை காலியானது. மகளுடையதும் காலியானது. அவளுடைய சோறு ஆறிக்கொண்டிருந்தது.

ஏணியின் கடைசிப் படியாக நின்ற பொடியன் தன் அம்மாவின் சேலையை இழுத்து, "அம்மே, விசக்குந்நு" என்று பசியில் சிணுங்கினான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

என் மனைவி நிமிர்ந்தாள். "பிள்ளையளு இன்னும் சாப்பிடலையா?"

அவள் பனைமரத்தைப் பார்த்தாள். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"மூணு இலையும் கழிஞ்ஞாத்தான் எங்களுக்கு உண்ணாம். அதாணு நேர்ச்சை. தெறக்கில்ல மோளே. மெல்ல மதி."

அவசரமில்லை, மெதுவாகச் சாப்பிட்டால் போதும் என்கிறார்; ஆனால் மூன்று இலையும் முடிந்தால்தான் அந்த வீட்டில் யாரும் சாப்பிடலாம். காலையிலிருந்து அத்தனை பேரும் பட்டினி. என் மனைவி அந்தப் பொடியனைப் பார்த்தாள். அவன் அவள் இலையைப் பார்த்தான். அவள் கை மடியிலிருந்து எழுந்து சோற்றுக்குள் போனது.

முதலில் அவனுக்காகத்தான் சாப்பிட்டாள். வேலையை முடிக்கிற வேகம் அதில் இருந்தது. மென்றாளோ விழுங்கினாளோ. பாதி இலையில் அந்த வேகம் குறைந்தது. அவியலை விரலால் தொட்டு நக்கினாள். இலையை வழித்தாள். வழித்துவிட்டு, பரிமாறிய அந்த அம்மாவிடம், மிகவும் வெட்கத்தோடு, "கொஞ்சம் சோறு போடுங்கக்கா. பசிக்கு" என்றாள்.

கையில் மிஞ்சியிருந்த கடைசிப் பப்படம் எனக்குத் தொண்டையில் சிக்கியது. இருமினேன், விக்கினேன், கண்ணில் நீர் கொட்டியது. பப்படத்தால்தான் என்று எல்லோரும் நம்பும்படி கொஞ்சம் கூடுதலாகவே இருமினேன். மீன்காரர் என் முதுகில் அறைந்தார். பழைய பகை கொஞ்சம் அந்த அறையில் தீர்ந்திருக்கும்.

அந்த வீட்டு வழக்கப்படி, சாப்பிட்டு முடித்ததும் யௌசேப்பாக உட்கார்ந்தவன் ஜெபிக்க வேண்டுமாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விண்ணப்ப மொழி ஒன்றும் வாயில் வரவில்லை. படகில் நான் மாதக்கணக்காகக் கேட்டது என் பக்கத்து இலையில் நடந்துவிட்டிருந்தது. கேட்க எதுவுமில்லாமல் ஆண்டவர் முன்னால் நான் நின்றது அதுதான் முதல் தடவை. கேட்கிறவனுக்கு ஆயிரம் வார்த்தை உண்டு. இதற்கு எனக்குப் பழக்கமே இல்லை. நன்றி என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டு, இந்தப் பசி திரும்பப் போய்விடுமோ என்றுகூட ஒரு கணம் பதறினேன்.

"ஆண்டவரே, சோறு நல்லா இருந்துச்சு. ஸ்தோத்திரம்" என்றேன்.

"ஆமென்!" என்று அலறிக்கொண்டு பிள்ளைகள் பாய்ந்து உட்கார்ந்தார்கள். என் விசுவாசம் அந்த இரண்டு வாக்கியத்தில் தொடங்கியது. இன்றைக்கும் அதைவிடப் பெரிதாக ஒன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொல்லையில் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். கூடத்தில் என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாம்பார் வாளியோடு இலைகளுக்கு நடுவில் நின்றாள்.

"ஏல, அடுத்தவன் இலையை இழுக்காத. உனக்கும் உண்டு. கையக் கழுவுனியா நீ? கழுவலையா? எந்திரி!" என்று வரிசையைக் கலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு பனைமரத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, நீங்க என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு? உக்காருங்க."

ஹார்பரையே கூவி அடக்குகிற மனிதர் மறுபேச்சில்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் குரலை இறக்கிக் கேட்டார்:

"எடோ, இவள் எப்பவும் இங்ஙனெயாணோ?"

"ஆமா சேட்டா" என்றேன். "எப்பவும் இப்படித்தான்."