எல்லாரும் முதுகு காட்டிய படம்

எனக்குக் கீறத் தெரிந்த படம் ஒன்றே ஒன்று. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து நெளிந்து வரும் ஆறு, ஆற்றோரம் ஒரு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் மலையைவிட உயரமாக ஒரு தென்னை. நாங்கள் இருக்கும் கற்பிட்டிக் கரையில் மலை கிடையாது. ஆறும் கிடையாது. ஆக உயரமாக நிற்பவை காற்றாலைகள்தான். சூரியன் கடலுக்குள் இறங்குவதைத் தினமும் பார்க்கிறோம். அது இரண்டு மலைக்கு நடுவே எழும்பியதை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது படம் கீறச் சொன்னால் என் கை நேரே மலைக்குத்தான் போகும்.

இப்படிப்பட்ட கைக்குத்தான் சித்திரப் பாடம் வந்து சேர்ந்தது. எங்கள் சின்னப் பாடசாலையில் சித்திரம் படிப்பித்த டீச்சர் பிரசவ லீவில் போனார். அந்த வேலையை யாருக்குக் கொடுப்பது என்று பேசிய கூட்டத்துக்கு நான் பிந்திப் போனேன். மற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதையெல்லாம் பங்குபோட்டு முடித்துத் தேநீரும் குடித்திருந்தார்கள். மிஞ்சியது சித்திரமும் நானும்.

"எனக்குக் கீற வராது சேர்," என்றேன் பாடசாலை அதிபரிடம். "நான் கணக்குப் படிப்பிக்கிற ஆள்."

"கணக்குக்கு மட்டும் இங்க ஒரு ஆள் தேவயில்லண்டு வலயக் கல்வி ஒபிசில சொல்றாங்க," என்றார் அவர். "சித்திரத்தயும் எடுத்தா நிக்கலாம். இல்லாட்டி உச்சமுனைக்கு மாத்திப் போட்டுருவாங்க. அங்க ஆளில்லாம ஈக்கிது."

உச்சமுனை நல்ல ஊர். மனிதர்களும் நல்லவர்கள். கோளாறெல்லாம் அந்தத் தீவுக்கும் எனக்கும் நடுவில் கிடக்கும் கடலேரியான களப்புத் தண்ணீரில். என் வாப்பா கடலுக்குப் போனவர். நானாமார், என் அண்ணன்கள், இன்றைக்கும் போகிறவர்கள். நான் மட்டும் கரையில் இழுத்து வைத்த வள்ளத்தில் ஏறி உட்கார்ந்தாலும் குடலைப் புரட்டிச் சத்தி எடுக்கிறவன். சின்ன வயதில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என்னைப் படகில் ஏற்றியதால் மாப்பிள்ளை உடுப்பு மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கதை கலியாண வீடுகளில் இன்னும் ஓடுகிறது. மாப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தபிறகும் ஓடுகிறது.

அதிபருக்கும் அது தெரியும். "நாங்க மன்னாரில இருந்து இடம்பெயர்ந்து குடும்பத்தோட போட்ல வந்துதான் இந்தக் கரையில எறங்கினம்," என்றார். "என்ட தங்கச்சி கைப்புள்ள. அவ கூட சத்தி எடுக்கல்ல சேர்."

அதற்கு மேல் என்ன பேச? சித்திரத்தைப் பொறுப்பெடுத்தேன்.

வியாழக்கிழமை கடைசிப் பாடவேளை. தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லாரும் ஒரே மண்டபத்தில். கணக்கில் பிள்ளைகள் என்னைக் கண்டு பயப்படுவார்கள். சித்திரத்தில் நான் அவர்களைக் கண்டு பயப்பட்டேன். ஒன்றாம் தரத்துப் பிள்ளைக்கு நான் வாய் திறக்க முன்னமே படம் முடிந்துவிடும். தாள் முழுக்க நீலம். "சேர், முடிஞ்சி!"

"இதென்ன மகன்?"

"கடல்."

"மீனெல்லாம் எங்க?"

"கீழுக்கு ஈக்கிது சேர்."

இரண்டாம் தரத்தில் சிவப்புப் பெஸ்டல் யாரிடம் இருக்கிறது என்ற விசாரணையிலேயே மணி அடித்துவிடும். மூன்றாம் தரம் முழுவதும் ஒரு பிள்ளையைப் பார்த்துக் கீறும். அவள் வீட்டுக்குக் கதவு போட மறந்தால் அந்த வரிசையில் ஒருவருக்கும் கதவில்லை. நான்காம் தரம் கீறுவதைவிட அழிக்கும். தாளில் ஓட்டை விழும்வரை அழித்துவிட்டு, ஓட்டையைச் சுற்றிக் கோடு போட்டுச் சூரியனாக்கிவிடும். ஐந்தாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. அவர்கள் அடிமட்டத்தால் அளந்து தென்னோலை கீறுவார்கள். "சேர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பார்கள். வராது என்றால் பென்சிலை வைத்துவிடுவார்கள்.

இவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் என் மலைகளைக் கீறினேன்.

"சேர், அது சமோசாவா?" என்று கேட்டாள் ஒன்றாம் தரத்து முதல் வாங்கிலிருந்த சிறுமி. முன்பல் இல்லாதவள், வாயை மூடத் தெரியாதவள்.

மலையைக் காப்பாற்றுவதற்காக வீட்டுக்கு முன்னால் ஒரு மனிதனை நிறுத்தினேன். உடம்பு ஒருவாறு வந்தது. கண், மூக்கு, வாய் போட்டு முடித்ததும் அதே சிறுமி அழத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் அவளுடைய வாப்பா வந்து நின்றார். உச்சமுனைக்குப் போட் ஓட்டுகிறவர். என் மாப்பிள்ளை ஊர்வலக் கதையை ஊரில் ஆக நன்றாகச் சொல்லக்கூடியவரும் அவர்தான்.

"சேர், புள்ள ராவெல்லாம் ஒறங்கல்ல. கரும்பலகையில என்னமோ ஒரு மூஞ்சியக் கண்டாவாம்."

"அது மனுசன், நானா."

"ஒங்களுக்கு அப்பிடித் தோணலாம். அது போகட்டும். உயிருள்ளதக் கண்ணெல்லாம் வெச்சிக் கீற வேணாமுண்டு மத்ரஸாவில சொல்லிக் குடுக்கிறாங்க. நீங்களும் ஓதின ஆள்தானே சேர்?"

அவர் சண்டைக்கு வந்திருந்தார். நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. வருடம் முழுக்க முகம் கீறத் தேவையில்லாமல் செய்துவிட்டாரே! அடுத்த வியாழக்கிழமை கண்டிப்பான குரலில் சட்டம் போட்டேன்: இனிமேல் ஆட்களை முதுகுப் பக்கமாகத்தான் கீற வேண்டும். தலைக்கு ஒரு வட்டம். அதை முழுக்கக் கறுப்பாக்கு. கீழே சட்டை, சாரம், கால். உம்மா என்றால் முக்காடு. அது இன்னும் லேசு. என் பயத்துக்கு மார்க்கத்தின் போர்வையைப் போர்த்தினேன் என்று யாராவது சொன்னால், ஓம், போர்த்தினேன். நல்ல சூடாகவும் இருந்தது.

அப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் வலயத்திலிருந்து சித்திரப் பாட ஆலோசகர் வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. "அவ நல்லாருக்குண்டு சொன்னா நீங்க நிக்கிறீங்க," என்றார் அதிபர். மற்றதை அவர் சொல்லவில்லை. களப்புப் பக்கம் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்குத் தரையிலேயே தலைசுற்றல். ஒன்றாம் தரத்து வகுப்பாசிரியை, யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சேர், முகம் வெளிறிப் போய்க் கிடக்கு? இன்னும் வள்ளமே ஏறேல்லையே."

"டீச்சர், ஐஞ்சு தரத்துக்கும் ஒரு பாடம் வேணும். கீறத் தாளுமில்ல."

"தாள் இல்லாட்டி ஆக்களின்ர மேலதான் கீறோணும். உங்கட நெத்தி நல்ல அகலம்."

தாள் என் மச்சான் வீட்டில் கிடைத்தது. தேர்தலில் தோற்ற ஒருவருக்காக ஓடித்திரிந்தவன் அவன். ஒட்டாமல் மிஞ்சிய சுவரொட்டிகள் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாக இருந்தன. ஒரு பக்கத்தில் வேட்பாளர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். மறுபக்கம் வெள்ளை வெளேர். பசை பூசி ஒன்றோடொன்று ஒட்டி மண்டபத்தின் நீளத்துக்கு விரித்தேன், சிரிப்பு கீழே, வெள்ளை மேலே. "மலையிலிருந்து தொடங்குவோம்," என்றேன்.

"சேர், மல வேணாம்," என்றான் நான்காம் தரத்தில் ஒருவன். "எல்லாரும் முதுகு காட்டிக்கொண்டுதானே நிக்கணும்? அப்ப கரைவலை கீறுவம். கரையில நிண்டு பார்த்தா வலக் கயிறு இழுக்கிற ஆக்கள்ட முதுகுதான் தெரியிற."

அவர்கள் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஐந்தாம் தரம் அடிமட்டத்தை எடுத்துத் தாளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வலைக்கயிற்றை அளந்து போட்டது. மூன்றாம் தரம் ஒருத்தியைப் பார்த்துக் கீறியதால் கயிறு பிடித்த அத்தனை பேரும் ஒரே மாதிரிச் சாய்ந்து நின்றார்கள். கயிறு இழுப்பவர்கள் அப்படித்தானே நிற்க வேண்டும்? நான்காம் தரம் அழித்த ஓட்டைகள் வலைக்கண்ணாயின. இரண்டாம் தரத்துக்குச் சிவப்புச் சாரம். ஒன்றாம் தரம் கடல் முழுவதையும் நீலத்தால் நிரப்பிவிட்டு "முடிஞ்சி!" என்றது. நான் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் பங்கு.

ஆலோசகர் மெடம் வந்த அன்று படத்தைக் கயிற்றில் துணிக் கிளிப்புகளால் தொங்கவிட்டிருந்தோம். நடந்து நடந்து பார்த்தார். நான் பின்னால் நடந்தேன், நீத்துப்பெட்டியில் ஆவிக்கு வைத்த பிட்டுமாதிரி வேர்த்துக்கொண்டு.

"வானத்தில ஏன் இத்தனை பிறை?" என்று கேட்டார்.

"பிற இல்ல மெடம்," என்றான் கரைவலை கீறச் சொன்ன நான்காம் தரத்தான். "வெள்ளக்காரன்ட பட்டம். காத்துக் காலத்தில அதக் கட்டிக்கொண்டு தண்ணிக்கு மேலால பறப்பானுகள். இந்தா கீழுக்கு விழுந்து கெடக்கான். அவனும் முதுகுதான்."

மெடம் நின்றுவிட்டார். "ஓம், ஏன் ஒருத்தருக்கும் முகமில்ல?"

நல்லவேளை, அவரே பதிலையும் கண்டுபிடித்தார். "ஆ, விளங்குது. இந்தப் பிள்ளைகள்ட குடும்பங்கள் வடக்கில இருந்து வந்ததுதானே. விட்டுட்டு வந்த ஊரப் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க."

படத்தில் கடல் மேற்கே இருந்தது. மன்னார் வடக்கே. அதை யாரும் கேட்கவில்லை. நான் ஆழமாகத் தலையாட்டினேன், ஏதோ பல இரவு அழுது யோசித்து வைத்தவன்போல. பக்கத்தில் அதிபர் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு அந்த முதுகுகளை நெடுநேரம் பார்த்தார். அவரைப் பார்த்தபோது மட்டும் எனக்குப் பகிடி வரவில்லை.

"இல்ல மெடம்," என்று கேட்டது முதல் வாங்கிலிருந்து. "சேருக்கு மூஞ்சி கீறத் தெரியாது."

பல்லில்லாதவள் எழும்பி வந்து தாளின் ஓரத்தைத் தூக்கினாள். "மூஞ்செல்லாம் மத்தப் பக்கம் ஈக்கிது."

மத்தப் பக்கம் வேட்பாளர் வரிசையாகச் சிரித்தார். மண்டபத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, ஒவ்வொரு முதுகுக்கும் பின்னால், வாக்குக் கேட்டு.

என் கண்முன்னால் களப்பு ஆடியது. மெடம் பக்கத்திலிருந்த ஒன்றாம் தரத்துச் சின்னக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபம் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சேர்," என்றார் கடைசியில், "ஐஞ்சு தரத்த ஒண்டா வெச்சிக்கொண்டு என்ன செய்யிறண்டு தெரியாம எத்தனையோ பேர் முழிக்கிறாங்க. நீங்க எல்லாரயும் ஒரே வலைக்குள்ள போட்டுட்டீங்க. இது நல்ல முறை. சின்னப் பாடசாலைகளுக்குப் போய் நீங்கதான் செஞ்சி காட்டணும்."

உயிர் திரும்பி வந்த சந்தோசத்தில் மனிதன் என்னவெல்லாமோ சொல்வான். "எங்க வேணுண்டாலும் போறன் மெடம்!" என்றேன்.

"அப்ப உச்சமுனையில தொடங்குவம். கிழமைக்கு ஒரு நாள்."

அதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சேர் தானாக் கேட்டுத்தான் போறார்," என்றார். "எல்லாருக்கும் காதில விழுந்திச்சிதானே?"

போட்டில் ஏறிய நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பல்லில்லாதவளின் வாப்பாதான் இஞ்சின் பிடித்தார். "சேர், கரையப் பார்த்துக்கொண்டு வாங்க, சத்தி வராது," என்றார். கரையைப் பார்த்தேன், கரை ஆடியது. அவரைப் பார்த்தேன், மாப்பிள்ளை ஊர்வலக் கதை இரண்டாம் பாகத்தை அவர் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. போட் தீவை அடையும்போது, சுவரொட்டிச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் கடல் பக்க விளிம்புக்கு மேலால் குனிந்திருந்தேன். புதுச் சேரை வரவேற்க வந்த பிள்ளைகள் கரையில் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

கொஞ்சம் உப்புப் போட்ட தண்ணீர் குடித்துத் தேறியபின், தாளை விரித்து முதல் பாடத்தைத் தொடங்கினேன். "இண்டைக்கு நீங்க கண்டதக் கீறுங்க பார்ப்பம்," என்றேன். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகைப் பற்றியும் சொல்லவில்லை.

பெரிய பிள்ளைகள் போட்டை அடிமட்டத்தால் கீறினார்கள். அதன் விளிம்பில் எல்லாருமே என்னைத்தான் வைத்திருந்தார்கள்: தலை கடலுக்குள், அகலமான ஒரு முதுகு, அதற்கும் கீழே அதைவிட அகலமாக இன்னொன்று. அங்குள்ள ஒன்றாம் தரத்துப் பிள்ளை மட்டும் நீலக் கடலில் என் வாய்க்கு நேர் கீழே மஞ்சள் பெஸ்டலால் கவனமாக ஒரு வட்டம் தீட்டிவிட்டுக் கையைத் தூக்கியது.

"சேர், முடிஞ்சி!"