ஸ்பானிஷ் கேட்ட வாசற்காவலர்

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ஒஸ்லோவில் ஸ்பானிஷ் படித்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வகுப்பே ஒரு சல்சா நடன விடுதிக்குப் போகும். அதன் வாசற்காவலர் சிலி நாட்டுக்காரர். குள்ளமான உருவம், முழங்காலைத் தொடும் கறுப்புக் கோட்டு, பனி ஒட்டிய மீசை. ஸ்பானிஷ் மாணவர் என்றால் அந்த மொழியில் ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்காமல் உள்ளே விடமாட்டார்.

எனக்கு இலக்கணம் எல்லாம் தெரியும், வாய்தான் திறக்காது. என்னோடு புருசெத் என்ற புறநகரிலிருந்து வரும் தோழி எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவாள். வாய்மொழித் தேர்வுக்கு முந்திய வெள்ளி அவள் மறுத்துவிட்டாள்.

"இண்டைக்கு நீயே கதையடி. இஞ்சை கதைக்காட்டில் சோதினையிலை என்னெண்டு கதைப்பாய்?"

"இத்தனை நாள் ஏன் பேசவில்லை?" என்று வாசற்காவலர் என்னிடம் ஸ்பானிஷில் கேட்டார்.

"பிழை விட்டால் சிரிப்பார்கள் என்ற பயம்," என்றேன். அதன்பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. ஊரில் நடந்த போருக்குத் தப்பி நோர்வேக்கு வந்த அம்மா பேசிய நோர்வேஜிய மொழியைக் கடையில் ஒருவர் கேலி செய்ததைக்கூடச் சொன்னேன். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் கையை உயர்த்தி அவர்களை அடக்கிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நான்கு பிழைகள்," என்றார் கடைசியில். "ஆனால் எல்லாம் எனக்கு விளங்கியது."

கதவை அகலத் திறந்துவிட்டார். அன்று கால் வலிக்கும்வரை ஆடினேன். அடுத்த வாரத் தேர்வில், போதும் என்று பேராசிரியர் சொல்லும்வரை பேசினேன்.

அவர் ஏன் தன் நாட்டை விட்டு வந்தார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், எனக்கும் விளங்கியிருக்கும்.