வெள்ளிக்கிழமை நாக்கு

நல்ல பியரைப் புளித்துவிட்டது என்று சொன்னவன் நான்தான்.

ஓர் அறை நிறைய ஆட்களுக்கு முன்னால், கண் கூசாமல் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. வசந்தியின் பப்புக்கு எதிராகக் கையையும் தூக்கினேன். ஒரே ஒரு கையால் அவள் தோற்றாள். அந்தக் கை... இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே கை!

ஒரு பியருக்கா இவ்வளவு ஒப்பாரி என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். என்னைப் பார்த்துச் சிரிப்பதில் நான் உங்களுக்கு அண்ணன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா, நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேனா என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை. என் இங்கிலீஷ், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பெட்ரோல் ஷெட்டில் காசு வாங்கும் மேசைக்குப் பின்னால் நின்று பொறுக்கிக்கொண்டது. "எத்தனையாம் பம்ப்?" "ரசீது வேணுமா?" இந்த இரண்டையும் பிழையில்லாமல் சொல்வேன். மூன்றாவது வசனத்துக்குப் போனால் இலக்கணம் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடும்.

இப்படிப்பட்ட ஒருவன் வெள்ளைக்காரர்களின் பியர்ச் சங்கத்தில் எப்படிப் போய் உட்கார்ந்தான்? எல்லாம் கீத்தால் வந்தது. கீத் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. தினமும் காலையில் எங்கள் ஷெட்டுக்குப் பேப்பர் வாங்க வருவார். மனைவி இறந்த பிறகு பேப்பர் வாங்க ஒரு நிமிடமும், என்னோடு கதைக்க அரை மணித்தியாலமும் எடுத்தார். ஒருநாள், "பாலா, உனக்கு உண்மையான பியர் என்றால் என்னவென்று காட்டுகிறேன், வா" என்று தன் சங்கத்தார் கூடும் பப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்.

முதல் மிடறு... ஐயோ! ஆறிப்போன தேத்தண்ணிக்குள் யாரோ பாண் துண்டை ஊறப்போட்டது போல் இருந்தது. முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினேன். மூன்றாவது கிளாஸில் ஏதோ புரிந்தது. நாலாவதில் எல்லாமே புரிந்தது. ஆனால் வீட்டு முகவரி மறந்துவிட்டது.

இந்தப் பியருக்குக் காஸ் ஏற்றுவதில்லை. பீப்பாவுக்குள் அது உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் ஆறவிட்டு, மேலே கைப்பம்பால் இழுத்து ஊற்றுவார்கள். பீப்பாவைத் திறந்துவிட்டால் சில நாட்களுக்குள் விற்று முடிக்க வேண்டும். இல்லையென்றால் புளித்துப்போகும். குழாய் அழுக்காக இருந்தாலும் புளிக்கும். ஆகவே நல்ல பியர் என்றால், கீழே நிலவறையில் ஒருவர் நல்ல மனதோடு வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

வருடத்துக்கு ஒருமுறை சங்கம் எங்கள் பகுதியில் மூன்று பப்புகளைத் தெரிவுசெய்யும். எல்லோரும் கூட்டமாக மூன்றுக்கும் போய்க் குடித்துப் பார்ப்போம். பிறகு கை தூக்கி வாக்களிப்போம். வென்ற பப்பின் சுவரில், வருடத்தின் சிறந்த பப் என்று எழுதிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கும். அந்தத் தாளுக்காகவே லண்டனின் மறுகோடியிலிருந்து ரயில் ஏறி, முதுகில் பையோடு குடிக்க வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். கோயிலுக்குக்கூட இவ்வளவு பக்தியாக யாரும் போய் நான் பார்த்ததில்லை.

அந்தச் சங்கத்தில் ஒரே தமிழன் நான். ஒருமுறை ஒரு பியரைக் குடித்துவிட்டு, "இதுக்குள்ளை கொத்தமல்லி கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். விசாரித்தால், காய்ச்சியவர்கள் உண்மையாகவே கொத்தமல்லி போட்டிருந்தார்கள்! அன்றிலிருந்து "பாலாவின் நாக்கு" ஒரு தனி உறுப்பினர் ஆகிவிட்டது. கணக்கு வாத்தியார் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டதே இல்லை. இங்கே என்ஜினியர்மாரும் வக்கீல்மாரும் நான் விழுங்கும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள். தலை கனத்ததா என்று கேட்கிறீர்களா? கனத்தது... நன்றாகவே கனத்தது!

அப்போதுதான் வசந்தி வந்தாள்.

பக்கத்துத் தெருவில் சாகக் கிடந்த பப் ஒன்றை அவளும் கணவன் குமாரும் குத்தகைக்கு எடுத்தார்கள். எங்கள் சனம் கடைகளில் நின்று குசுகுசுத்தது. "தவறணை நடத்தப் போயினமாம். வேறை தொழிலே கிடைக்கேல்லையே?" வசந்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை. குமார் குடிப்பதே இல்லை, சமையலறை அவனுடையது. நிலவறை முழுக்க அவள் கையில். குழாய் கழுவுவது, பீப்பா ஆறவைப்பது, எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டாள். தினமும் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் விற்பாள்.

வெள்ளிக்கிழமை தவிர.

வெள்ளி அவளுக்கு அம்மன் விரதம். பியர் பக்கமே வாயைக் கொண்டுபோக மாட்டாள். ஆனால் வார இறுதிக்கான புதுப் பீப்பாவைத் திறப்பதும் அதே வெள்ளிதான்! ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி என் முன்னால் வைப்பாள்.

"அண்ணை, ஒருக்காக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சரியெண்டா விக்கிறன்."

"என்ன தங்கச்சி, பப்பும் நடத்திக்கொண்டு விரதமுமோ?"

"விரதம் எனக்கு. பப் உங்களுக்கு. குடியுங்கோ, பகிடி விடாமல்!"

பார்த்தீர்களா... வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய நாக்கு நான். அவ்வளவு நம்பினாள்.

அந்த வருடம் அவளுடைய பப் மூன்றில் ஒன்றாகத் தெரிவானது. அவளுக்கு அது வெறும் பெருமை இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரர்கள் குத்தகையைப் புதுப்பிப்பதா, இடித்து பிளாட் கட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் அந்தத் தாள் தொங்கினால் சனம் வரும். சனம் வந்தால் பப் பிழைக்கும்.

சங்கத்தார் அவளிடம் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் முதல் கிளாஸ் எனக்கு. குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வருடம் நான் குடித்ததில் அதுதான் திறம்! "முதல் தரம்" என்று அவளிடம் சொன்னேன். அவள் கண் மூடிக் கும்பிட்டதைப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் கூட்டம். கை தூக்குவதற்கு முன்னால் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "பாலாவின் கை எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான். ஆனால்... என் நாக்கை மதித்த இந்த மனிதர்கள், இனி அதைத் தமிழ் நாக்கு என்று மட்டும் நினைப்பார்களா? சொந்தச் சனத்துக்காக வளைகிற நாக்கு என்று?

கீத் கேட்டார்: "சொல்லு பாலா, நேற்று வசந்தியின் பியர் எப்படி?"

"கொஞ்சம்... புளிப்பு."

அந்த ஒரு சொல்! நியாயமான மனிதன் என்று காட்டுவதற்காக நான் அநியாயம் செய்தேன். என் நாக்கை நம்பி இன்னும் சிலர் மனம் மாறினார்கள். நான் வேறொரு பப்புக்குக் கை தூக்கினேன். முடிவு உங்களுக்கு முதலிலேயே தெரியும்.

பயம் மட்டும்தானா? எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அதுவரை அவர்களுக்கு ஒரே தமிழன் நான். இப்போது என்னைவிடப் பியரைத் தெரிந்த ஒருத்தி வந்துவிட்டாள். பொறாமையா? இருக்கலாம்... இருந்தது!

அதைவிடக் கேவலம் அதற்குப் பிறகு நடந்தது. அவளிடம் போய், "நான் உங்களுக்குத்தான் கை தூக்கினனான், தங்கச்சி" என்றேன். அவள் ஒரு தட்டில் மட்டன் ரோல்ஸ் வைத்தாள். "நீங்களாவது இருந்தீங்களே, அண்ணை" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பிட்டேன். கூடவே கொஞ்சம் சோஸும் கேட்டு வாங்கினேன்!

யாரோ புளிப்பு என்று சொன்னதாக, ஆள் பெயர் சொல்லாமல், கீத் அவளிடம் சொல்லியிருந்தார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் அந்தப் பியரை வாயில் வைக்கவே இல்லையே, வெள்ளிக்கிழமை அல்லவா! அண்ணையின் நாக்கும் ஒருநாள் தவறலாம், தானே குடித்துப் பார்த்திருக்க வேண்டும், விரதம்தான் வினையாகிவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். விரதத்தை விட்டாள். வெள்ளிக்கிழமையும் குடித்துப் பார்க்கத் தொடங்கினாள். குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் சாமி விளக்கு ஏற்றினாள். சில வாரங்கள் விளக்கும் இல்லை.

கட்டடச் சொந்தக்காரர்கள் இன்னும் ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள். கடைசித் தவணை.

நான் வெள்ளிதோறும் போனேன். ரோல்ஸ் தின்றேன். பகிடி விட்டேன். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பீப்பா தூக்க உதவிக்கு வரச்சொன்னாள். நிலவறைக்குள் இறங்கினால், நிறைந்த பீப்பா ஒன்றின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள். பியர் தரையில் ஓடி வடிகாலுக்குள் போகிறது.

"என்ன செய்யிறீங்கள்?"

"ஊத்திறன், அண்ணை. புளிச்சிருக்குமோ எண்டு பயமாக் கிடக்கு. போன மாதமும் ரெண்டு பீப்பா ஊத்தினனான். குமாருக்குத் தெரியாது."

"குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"பாத்தன். புளிக்கேல்லை எண்டுதான் நாக்குச் சொல்லுது. ஆனா உங்கடை நாக்கே ஒருக்கா ஏமாந்தது, இந்த நாக்கை இனி என்னெண்டு நம்பிறது?"

வாயில் ஒரு பகிடி வந்து நின்றது. அதை விழுங்கினேன்.

"பூட்டுங்கோ. அது புளிக்கேல்லை. அண்டைக்கும் புளிக்கேல்லை, தங்கச்சி. கூட்டத்திலை அப்பிடிச் சொன்னது நான்தான். கையும் நான் உங்களுக்குத் தூக்கேல்லை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து குழாயைப் பூட்டினாள். சொட்டு நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... என்ரை நாக்கிலை பிழை இல்லை?"

"இல்லை."

"அண்டைக்குப் பியரும் நல்லாத்தான் இருந்தது?"

"அதுதான் திறம்."

ஒரு பெருமூச்சு விட்டாள். அந்த இருட்டிலும் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். நம்புவீர்களா? என்மேல் கோபம் வருவதற்கு முன்னால் அவளுக்குத் தன்மேல் நம்பிக்கை வந்தது! கோபம் அதற்குப் பிறகு வந்தது... ஒரே ஒரு சொல்லாக.

"ஏன், அண்ணை?"

நான் குனிந்து பக்கத்துப் பீப்பாவைத் தூக்கப் போனேன்.

"மேலை போங்கோ" என்றாள். "நான் தனியத் தூக்குவன்."

அடுத்த வெள்ளி அவள் விரதம் இருந்தாள். குமார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் சொன்னான், அவள் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருக்கிறது என்று. பீப்பா ஒன்றும் அதற்குப் பிறகு வடிகாலுக்குப் போகவில்லை.

இந்த வருடம் மறுபடியும் அவளுடைய பப் மூன்றில் ஒன்றாக வந்தது. வாக்குக்கு முன்னால் நான் எழும்பி, என் உடைந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாவது வசனத்தில் இலக்கணம் ஓடியது. நான் ஓடவில்லை. கீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாலா, இந்த வருடம் உன் கை கீழேயே இருக்கட்டும்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தேன், பரீட்சைக்குப் படிக்காத பெடியன் போல. என் கை இல்லாமலே மற்றக் கைகள் எழும்பின. ஒன்று, இன்னொன்று... கடைசியில் கீத்தின் கை. எண்ணத் தேவையே இருக்கவில்லை. அவள் வென்றாள்!

இப்போது சுவரில் அந்தத் தாள் தொங்குகிறது. குத்தகை புதுப்பித்தாகிவிட்டது. முதுகுப்பைக்காரர்கள் ரயிலேறி வருகிறார்கள். தவறணை என்று குசுகுசுத்த சனம், பிறந்தநாள் விழாவுக்கு மேல்மாடி கிடைக்குமா என்று கேட்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சந்தோஷப்பட எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அவள் ஊற்றிய பீப்பாக்கள் திரும்பி வராது. முறித்த வெள்ளிகளும் வராது. என்னை அவள் மன்னித்தாளா? கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தச் சுமையையும் ஏன் அவள் தலையில் வைக்க வேண்டும்?

ரோல்ஸை இப்போது மற்றவர்களைப் போல வரிசையில் நின்று வாங்குகிறேன். "சோஸ் வேணுமோ, அண்ணை?" என்று கேட்கிறாள். அண்ணை என்ற சொல்லை அவள் என்னிடமிருந்து பறிக்கவில்லை... அதுவே பெரிது.

போன வெள்ளி, புதுப் பீப்பா திறந்தாள். சின்னக் கிளாஸில் ஊற்றினாள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள், முகர்ந்தாள். விரதம், அதனால் வாயில் வைக்கவில்லை. பழக்கதோஷத்தில் என் கை தானாக நீண்டது.

கிளாஸ் என்னைத் தாண்டிக் கீத்திடம் போனது.

கீத் குடித்தார், தலையாட்டினார். அவள் பம்பைப் பிடித்து விற்கத் தொடங்கினாள். நான் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

வருகிற வெள்ளியும் போவேன். அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்பேன்.