பல்ப் அணைந்த இடம்

கனரக வண்டிகளின் வயரிங் பழுது பார்ப்பது என் தொழில். திகன என்ற ஊரில் மண் வெட்டும் பெக்கோ ஒன்று நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். சாவியைத் திருப்பினாலே பியூஸ் எரிந்ததாம். நான் போனபோது அதை ஓட்டும் சாரதி, எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

“பியூஸ் எரியிறதே மெஷினக் காப்பாத்தத்தான் அண்ணே. அத ஏமாத்தினா பெக்கோவே எரிஞ்சிரும்!”

தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் ஒரு ஹெட்லைட் பல்பை மாட்டினேன். எங்கோ ஒரு வயர் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை அது பளிச்சென்று எரியும். சாவியைத் திருப்பினேன்; எரிந்தது.

“லைட் வந்திருச்சு தங்கச்சி, சரியாப் போச்சு!” என்றார் சாரதி.

வயர்க் கட்டைத் தடவிக்கொண்டே போனேன். கேபினுக்குள் அவர் முருகன் படம் மாட்டியிருந்த இடத்தில் என் கை நின்றது. படத்தைப் பிடித்திருந்த ஸ்குரு ஆணி, தகட்டைத் துளைத்து வயருக்குள் இறங்கியிருந்தது. அதைக் கழற்றினேன். பல்ப் அணைந்தது.

“ஐயோ, அணைஞ்சிருச்சே!”

நான் சிரித்தேன். வயரைச் சரிசெய்து, புதுப் பியூஸ் போட்டு, சாவியைத் திருப்பச் சொன்னேன். பெக்கோ உறுமியது.

சாரதி இறங்கி வந்து, படத்தையும் ஆணியையும் என்னிடம் நீட்டினார்.

“முருகன எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க, தங்கச்சி.”