அரெஸ்டர் கம்பத்தில் கட்டிய கொடி

கட்டடங்களுக்கு இடிதாங்கி மாட்டுவதே என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இடியை வரவிடாமல் தடுக்கிற கருவி எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. நாம் மாட்டுவது, விழுகிற இடியை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிற கம்பி, அவ்வளவுதான். இது தெரிந்தும் என் வாய் சும்மா இருந்ததா?

ஸ்ரீரங்கத்தில் ஒரு நாலு மாடி அபார்ட்மென்ட். அசோசியேஷன் செக்ரட்டரி கோமளா மேடம், பேங்க்கில் வேலை. மொட்டை மாடியில் அரெஸ்டர் என்கிற இடிதாங்கிக் கம்பத்தை நிறுத்தி, காப்பர் ஸ்ட்ரிப்பை மண்ணில் தோண்டிய எர்த் பிட் வரை இறக்கி ஒப்படைத்த அன்று கேட்டார்: "இனிமே இடி விழாதுதானே?"

"இந்தப் பக்கமே வராதுங்க மேடம்."

அடுத்த தெருவிலும் ஆர்டர் கிடைக்குமே என்ற நப்பாசையில் சொன்னது.

மறு வருடம் கோடையில், மின்சாரம் மண்ணுக்குள் சரியாக இறங்குமா என்று பார்க்கும் எர்த் டெஸ்ட்டுக்குப் போனேன். பிட்டைத் திறக்கும்போதே காவிரிப் பக்கம் வானம் கறுத்து உறுமியது. டெஸ்டரை மூட்டை கட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால் மாடியில் துணிகள் பறக்கின்றன. ஓடினேன். அரெஸ்டர் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஜிஐ இரும்புக் கம்பி இழுத்துத் துணிக்கொடி கட்டியிருக்கிறார்கள்! மேடம் அதைப் பிடித்துக்கொண்டு பெட்ஷீட் உருவிக்கொண்டிருக்கிறார்.

"மேடம், கம்பியை விடுங்க! கீழ வாங்க!"

"ஏன் பதறறேள்? நீங்கதானே இடி வராதுன்னு சொன்னேள்?"

"நான் சொன்னது பொய்ங்க! வாங்க!"

அதைக் கேட்டதும்தான் நகர்ந்தார். மூன்றாம் மாடிப் படியில் கால் வைத்தோம். கண் கூசும் வெளிச்சம், கூடவே சத்தம். கட்டடமே அதிர்ந்தது.

மழை ஓய்ந்து நெடுநேரம் கழித்துப் பார்த்தோம். ஸ்ட்ரிப்பில் இருந்த, இடி இறங்கியதை எண்ணும் கவுண்டரில் பூஜ்யம் ஒன்றாகியிருந்தது. சுவரில் கீறல்கூட இல்லை. இரண்டு வீட்டு டிவி போனதோடு சரி. ஆனால் கொடிக் கம்பி ஒரு முனையில் கருகி அறுந்து கிடந்தது. அப்பாடா, அவர் கீழே வந்துவிட்டார் என்ற நிம்மதியில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"பொய்னு அப்பவே ஒத்துண்டேளே, அது போறும்" என்றார் மேடம். மிச்சக் கம்பியை அவரே வெட்டிப் போட்டார்.

இப்போது வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "இடி விழும்ங்க. இது கட்டடத்தைக் காப்பாத்தும், மாடியில நிக்கற ஆளைக் காப்பாத்தாது." போன மாதம் மன்னார்புரத்தில் ஒருவர், "அப்ப எதுக்குய்யா இது?" என்று வேறு ஆளைப் பார்க்கப் போய்விட்டார். போகட்டும். என் பேச்சை நம்பி எந்த மாடியிலும் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.